விண்மீன் பார்த்தவர்களுக்குப் படியளந்தவர் யார்?



2022-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் மாலை, சந்திர கிரகணம் பார்ப்பதற்காக நம் பள்ளித் திடலில் கூடியிருந்தோம். ஏழரை மணி ஆவதற்குள் செம்பனை மரங்களுக்கு மேலே நிலா செம்பு நிறத்தில் எழுந்து வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அப்போது ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "சார், தினமும் இப்படி வானத்தையே பாத்துக்கிட்டு இருக்கிறவங்களுக்கு யாரு சார் சம்பளம் கொடுக்கிறாங்க?"

நான் வாய் திறப்பதற்குள் அவளுடைய தாத்தா முந்திக்கொண்டார். "நாங்களுந்தான் முப்பது வருஷமா விடிவெள்ளியப் பாத்துக்கிட்டே பால்வெட்டுக்குப் போனோம். அதுக்குன்னு ஒரு காசு யாரும் கொடுக்கலியே, வாத்தியாரே!"

எல்லாரும் சிரித்தோம். ஆனால் அந்தப் பிள்ளையின் கேள்வி சிரித்துவிட்டுப் போகக்கூடியதன்று. நம் வீட்டுப் பிள்ளை "வானியல் படிக்கப் போகிறேன்" என்று சொன்னால், "அது சோறு போடுமா?" என்றுதான் முதலில் கேட்போம். கேட்பதும் நியாயமே. வெள்ளியைப் பார்ப்பதற்கும் வெள்ளி வேண்டும் அல்லவா? ஆகவே, இந்தப் பரிசளிப்பு விழா மலரில் அந்தக் கேள்விக்கு வரலாற்றிலிருந்து விடை தேடுகிறேன்.

அரசர் கொடுத்த இருநூறு பவுன்

வில்லியம் ஹெர்ஷல் என்பவர் ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய இசைக்கலைஞர். பகலில் சங்கீதம் சொல்லிக் கொடுத்தார். இரவில் தாமே தேய்த்து மெருகேற்றிய கண்ணாடிகளைக் கொண்டு வானத்தைப் பார்த்தார். 1781-ஆம் ஆண்டு மார்ச் 13-ஆம் நாள் யுரேனஸ் என்னும் கோளைக் கண்டார். அதற்கு மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயரைச் சூட்ட விரும்பினார். மறு ஆண்டே மன்னர் அவருக்கு ஆண்டுக்கு 200 பவுன் மானியம் அளித்தார். இசையில் அவர் சம்பாதித்தது இதைவிட அதிகம். அரண்மனைக்கு அருகிலேயே குடியிருந்து அரச குடும்பத்தாருக்கு வானத்தைக் காட்டவும் வேண்டியிருந்தது. குறைந்த வருமானத்தை ஈடுகட்டத் தொலைநோக்கிகள் செய்து விற்றார்.

அவருடைய தங்கை கரோலினின் கதை இன்னும் கவனிக்கத்தக்கது. பெண்பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று அவருடைய தாயார் அவரை வீட்டு வேலையிலேயே வைத்திருந்தார். அண்ணன் அழைத்ததால் இங்கிலாந்து சென்ற கரோலின், இரவெல்லாம் கண்விழித்து அண்ணன் சொல்வதைக் குறித்துக்கொண்டார். பகலில் கணக்குப் போட்டார். தாமாகவே எட்டு வால்நட்சத்திரங்களைக் கண்டார். 1787-இல் அவருக்கு ஆண்டுக்கு 50 பவுன் சம்பளம் கிடைத்தது. அறிவியல் பணிக்காகச் சம்பளம் வாங்கிய முதல் பெண்மணிகளுள் அவரும் ஒருவர்.

கப்பலுக்காகக் கட்டிய கூடம்

நம் முன்னோர் வாழ்ந்த சென்னைப் பட்டினத்திலும் இதே காலத்தில் ஒரு வானாய்வுக்கூடம் எழுந்தது. 1786-இல் வில்லியம் பெட்ரி என்ற கும்பெனி அதிகாரி சொந்தச் செலவில் தொடங்கியதை, கிழக்கிந்தியக் கும்பெனி ஏற்று, 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் கட்டியது. அங்கே நாட்டிய கருங்கல் தூணில் தமிழிலும் கல்வெட்டு உண்டு.

கும்பெனிக்காரர்களுக்கு விண்மீன்கள்மேல் அவ்வளவு ஆசையா? இல்லை. நடுக்கடலில் கப்பல் எங்கே நிற்கிறது என்று அறியவும், பிடித்த நாட்டுக்கு வரைபடம் போடவும், நேரத்தைச் சரியாகக் கணிக்கவும் வானியல் தேவைப்பட்டது. படியளந்தவர் தம் கணக்கோடுதான் அளந்தார்.

ஆயினும் அந்தக் கூடத்தில் நம்மவர் ஒருவர் தலைநிமிர்ந்து நின்றார். பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் வந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, உதவியாளராகச் சேர்ந்து பல ஆண்டுகள் உழைத்து முதல் உதவியாளரானார். 1867-இல் ஒரு விண்மீனின் ஒளி கூடிக் குறைவதைக் கண்டறிந்தார். ஆர் ரெட்டிகுலி என்பது அதன் பெயர். 1872-இல் இங்கிலாந்தின் அரச வானியல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அப்பெருமையைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. 1874-இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்து செல்ல இருந்தபோது, சாதாரண மக்களும் அதை விளங்கிக்கொள்ள வேண்டுமென்று சிறு நூல் எழுதி இந்திய மொழிகளிலும் வெளியிட்டார்.

பஞ்சமும் சூரியனும்

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டியது. இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். அந்தப் பஞ்சக் காலத்திலும் அதற்குப் பின்னும் ஆயிரக்கணக்கானோர் பிழைப்புத் தேடி இலங்கைக்கும் மலாயாவுக்கும் கப்பலேறினர். இங்கே இதைப் படிக்கும் நம்மில் சிலருடைய கொள்ளுத்தாத்தாக்களும் அவர்களோடு வந்திருக்கலாம்.

அதே பஞ்சம் இன்னொன்றையும் செய்தது. மழை ஏன் பொய்த்தது என்று ஆராயப் புகுந்த அரசாங்கத்திடம், சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அறிஞர்கள் எடுத்துரைத்தார்கள். சூரியனை நாள்தோறும் கவனிக்க ஒரு கூடம் வேண்டும் என்று முடிவாயிற்று. அவ்வாறு கொடைக்கானல் மலையில் எழுந்த சூரிய ஆய்வுக்கூடம் 1899-இல் பணியைத் தொடங்கியது. ஒரே பஞ்சம் நம்மவரைக் கடல் கடக்கவும் வைத்தது. மலைமேல் தொலைநோக்கியை ஏற்றவும் வைத்தது.

கரும்புள்ளிகளைக் கொண்டு மழையைக் கணிக்கலாம் என்ற எண்ணம் பலிக்கவில்லை. ஆனால் கொடைக்கானலில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக எடுத்த சூரியப் படங்களை இன்றும் ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்துகிறார்கள். கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று. ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் பணம் பல வேளைகளில் இப்படித்தான் பலன் தருகிறது.

பின்வாசல் வழியே வந்தவர்கள்

அரசரும் அரசாங்கமும் மட்டுமன்றி, அமெரிக்காவில் செல்வந்தர்களும் வானியலுக்கு அள்ளிக் கொடுத்தார்கள். பணம் அவர்களுடையது, உழைத்தவர்களோ எளிய வீட்டுப் பிள்ளைகள். மூவரைப் பார்ப்போம்.

முதலாமவர் வில்லியமினா ஃபிளெமிங். ஸ்காட்லாந்திலிருந்து அமெரிக்கா சென்று, கருவுற்றிருந்த நிலையில் கணவனால் கைவிடப்பட்டவர். ஹார்வர்டு வானாய்வுக்கூட இயக்குநரின் வீட்டில் வேலைக்காரியாக இருந்தார். 1881-இல் கூடத்திலேயே வேலைக்கு அமர்ந்தார். ஒரு விதவைப் பெண்மணி தம் கணவரின் நினைவாக அளித்த நிதியால் அங்கே பல பெண்களுக்கு வேலை கிடைத்தது. ஃபிளெமிங் முந்நூறுக்கும் மேற்பட்ட ஒளிமாறும் விண்மீன்களைக் கண்டறிந்தார். ஆனால் 1900-இல் அவருக்கு ஆண்டுச் சம்பளம் 1,500 டாலர். அங்கிருந்த ஆண் உதவியாளர்களுக்கு 2,500 டாலர். அந்த மனக்குறையை அவரே நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.

இரண்டாமவர் மில்ட்டன் ஹூமேசன். 14 வயதில் பள்ளியை விட்டவர். மவுண்ட் வில்சன் மலைக்குக் கோவேறு கழுதைகளில் சாமான் ஏற்றிச் சென்றார். பிறகு அங்கேயே கூட்டிப் பெருக்கும் வேலை கிடைத்தது. இரவு வேலையில் உதவி செய்யப் போய்த் தொழிலைக் கற்றுக்கொண்டார். பிரபஞ்சம் விரிவடைகிறது என்பதை நிலைநாட்டிய ஹப்பிளுக்கு வலக்கையாக விளங்கினார்.

மூன்றாமவர் கிளைடு டாம்பா. கன்சாஸ் மாநிலத்து விவசாயி மகன். கல்மழை கொட்டிப் பயிரெல்லாம் நாசமானதால் கல்லூரிக் கனவு கலைந்தது. பையன் சோர்ந்து போகவில்லை. பழைய மோட்டார் கார் தண்டையும், பண்ணை இயந்திரப் பாகங்களையும் வைத்து 9 அங்குலத் தொலைநோக்கி செய்தார். அதில் கண்ட செவ்வாயையும் வியாழனையும் படம் வரைந்து, லோவெல் என்ற செல்வந்தர் நிறுவிய வானாய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். "வேலைக்கு வருகிறாயா?" என்று பதில் வந்தது!

1929-இல் வேலை தொடங்கியது. வானத்தின் ஒரே பகுதியைச் சில நாள் இடைவெளியில் இரண்டு முறை படம் எடுக்க வேண்டும். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்து, ஆயிரமாயிரம் புள்ளிகளில் எது இடம் மாறியிருக்கிறது என்று தேட வேண்டும். கண் எரியும், கழுத்து வலிக்கும். 1930 பிப்ரவரி 18-ஆம் நாள், சனவரி 23, 29 ஆகிய இரவுகளில் எடுத்த படங்களில் ஒரு புள்ளி நகர்ந்திருந்ததைக் கண்டார். அதுவே புளூட்டோ. அப்போது அவருக்கு வயது 24. பட்டம் எதுவும் கிடையாது. புளூட்டோ என்ற பெயரைச் சொன்னவளும் 11 வயது இங்கிலாந்துச் சிறுமி!

அதற்குப் பின்னரே உபகாரச் சம்பளம் பெற்று டாம்பா பல்கலைக்கழகம் சென்றார். "கோளையே கண்டுபிடித்தவனுக்கு அரிச்சுவடி வகுப்பு எதற்கு?" என்று அங்கே தொடக்க வானியல் வகுப்பில் அவரைச் சேர்க்க மறுத்தார்களாம். 2006-இல் புளூட்டோ குறுங்கோள் என்று வகைப்படுத்தப்பட்டது. அதே ஆண்டில் புறப்பட்ட நியூ ஹொரைசன்ஸ் விண்கலம், அவருடைய அஸ்தியில் சிறிதைச் சுமந்துகொண்டு 2015-இல் புளூட்டோவைக் கடந்தது. அந்தப் பயணமும் எளிதில் அமையவில்லை. புளூட்டோவுக்குக் கலம் அனுப்பும் முந்தைய திட்டம் செலவு கட்டாது என்று 2000-இல் கைவிடப்பட்டிருந்தது. விண்வெளி ஆராய்ச்சியில் பணம் வரும், நிற்கும், மறுபடியும் வரும்.

உபகாரச் சம்பளத்தில் கப்பலேறியவர்கள்

தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930-இல் அரசாங்க உபகாரச் சம்பளத்தோடு சென்னையிலிருந்து இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். வயது 19. கப்பலில் உட்கார்ந்தபடியே, இறந்துபோகும் விண்மீன்களின் எடைக்கு ஓர் எல்லை உண்டு என்று கணக்கிட்டார். அந்தக் கணக்கை அறிஞர் உலகம் முழு மனத்தோடு ஏற்கப் பல ஆண்டுகள் பிடித்தன. 1983-இல் நோபல் பரிசு கிடைத்தது.

வைணு பாப்பு, ஹைதராபாத் அரசின் உதவித்தொகையில் ஹார்வர்டு சென்றவர். 1949-இல் ஒரு வால்நட்சத்திரத்தை இருவரோடு சேர்ந்து கண்டுபிடித்தார். தாயகம் திரும்பி, 1968-இல் தமிழ்நாட்டின் ஜவ்வாது மலைக் காவலூரில் வானாய்வு நிலையத்தைத் தொடங்கிவைத்தார். 1977-இல் யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரியவந்தபோது, அமெரிக்கர்கள் விமானத்திலிருந்து கண்ட அதே நிகழ்வைக் காவலூர்த் தொலைநோக்கியும் பதிவு செய்தது. ஹெர்ஷல் கண்ட கோளின் வளையத்தைத் தமிழ்நாட்டுக் கிராமத்து மலையிலிருந்து நம்மவர்கள் கண்டார்கள்!

நம் நாட்டில்

சிரம்பானில் பிறந்த டாக்டர் மஸ்லான் ஒத்மான், நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் 1981-இல் வானியற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார். அப்போது இங்கே அந்தத் துறையே இல்லை எனலாம். மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் பாடத்திட்டம் அமைத்தார்; கோலாலம்பூர்த் தேசியக் கோளரங்கம் உருவாக முன்னின்றார்; பின்னர் ஐக்கிய நாட்டுச் சபையின் விண்வெளி அலுவலகத்துக்கே தலைமை தாங்கினார்.

அப்படியானால் தாத்தாவின் கேள்விக்கு என்ன பதில்? ஒளிக்காமல் சொல்கிறேன். வானியல் அறிஞர் என்ற பதவி உலகத்திலேயே குறைவுதான். பட்டப்படிப்பு, பிறகு முனைவர் ஆய்வு என்று பத்து ஆண்டுகள் போகும். ஆனால் முனைவர் ஆய்வு மாணவர்களுக்குப் பல நாடுகளில் மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கிறார்கள். அப்பா வீட்டை அடகு வைக்க வேண்டியதில்லை. கூடத்தில் அறிஞர் மட்டுமா வேலை செய்கிறார்? கணினி நிரல் எழுதுபவர், மின்னணுக் கருவிகளைப் பழுது பார்ப்பவர், கண்ணாடிக்குப் பூச்சு பூசுபவர் எல்லாரும் வேண்டும். இந்தக் கல்வியைக் கற்றவர், வேறு துறைக்குப் போனாலும் வீண்போக மாட்டார். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வெள்ளத்தையும் காட்டையும் கணிப்பதும் அதே கணக்கு, அதே இயற்பியல்தான்.

ஆகவே, மாணவச் செல்வங்களே! வாய்பாட்டை இன்றே மனப்பாடம் செய்யுங்கள். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் கூடுதல் கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் பயந்து ஒதுங்காதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, இன்றிரவு நிலா எங்கே, என்ன வடிவம் என்று தேதி போட்டு வரைந்து வையுங்கள். டாம்பாவுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது அப்படி வரைந்த படம்தான்.

பெற்றோர்களே! வரலாற்றில் படியளந்தவர்கள் பலர். அரசர் பெருமைக்காக அளந்தார், கும்பெனி கப்பலுக்காக அளந்தது, செல்வந்தர் தம் பெயருக்காக அளந்தார். ஆனால் இவர்கள் எல்லாரும் அளப்பதற்கு முன்னே, வீட்டில் ஒருவர் "போய்ப் படி" என்று சொல்லியிருக்க வேண்டும். கரோலினுக்கு அதைச் சொன்னவர் அண்ணன். நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவர் நாம்.

அன்று கேள்வி கேட்ட மாணவி இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறாள். சென்ற மாதம் அவளுடைய தாத்தாவைக் கடைத்தெருவில் பார்த்தேன். "வாத்தியாரே, பேத்தி ராத்திரியில நோட்டும் கையுமா வாசல்ல ஒக்காந்துக்குது. கொசு கடிக்குதேன்னு நானும் பக்கத்துல ஒக்காந்துக்குறேன்" என்றார்.

வளர்க நம் பள்ளி! வாழ்க நம் பிள்ளைகள்!