தேக்கிய நீரும் மின்சாரமும்: ஊவா மலைகளில் ஒரு வரலாற்று நோக்கு

மின்சாரத்தைச் சேமித்தல் என்றவுடன் இன்று பலரும் மின்கலத்தையே எண்ணுவர். மலையகத்தில் அதற்கு முந்தியதொரு முறை உண்டு. மேட்டில் நீரை மறித்து, வேண்டிய வேளையில் இறக்குதலே அது.

ஆங்கிலேயர் காலத்தில் மலையகத்தின் நூற்றுக்கணக்கான தேயிலைத் தோட்டங்கள் ஓடைகளை மறித்துச் சிறு சுழலிகளை இயக்கின. கொழுந்து அரைக்கும் நேரம் பார்த்து நீரைத் திறந்து விட முடிந்தமை அவற்றின் தனிச்சிறப்பு. அம்மின்சாரம் பெரும்பாலும் தொழிற்சாலைக்கும் துரை பங்களாவுக்குமே சென்றது. அதே தோட்டத்து லயன்களில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. விமலசுரேந்திர 1918இல் முன்வைத்த நீர்மின் திட்டச் சிந்தனை 1950இல் லக்சபானாவாக உருப்பெற்றது. தேசிய மின்வலையமைப்பு தோட்டங்களை எட்டியபின் அச்சிறு சுழலிகளிற் பல துருவேறின.

தெமோதரைக்கு அண்மையிலுள்ள பண்டாரவளைப் பகுதியில் இதே முறை பேருருவில் மீண்டது. புகுல்பொல, டயரபா அணைகளில் மறிக்கப்படும் உமா ஓயாப் படுகை நீர், ஏறத்தாழ 15 கிலோமீற்றர் நீளச் சுரங்கத்தின் வழியே சென்று, ஏறத்தாழ 700 மீற்றர் வீழ்ந்து, கரந்தகொல்லை நிலக்கீழ் நிலையத்தை இயக்குகின்றது. 2024 ஏப்ரல் 24இல் திறக்கப்பட்ட இதன் வலு 120 மெகாவாட். எதிர்பார்க்கப்படும் ஆண்டு உற்பத்தியோ 231 மில்லியன் அலகு. முழு வலுவில் நாளொன்றுக்கு ஐந்து மணித்தியாலம் சற்று மிகுதியாக ஓடினால் அவ்வளவும் கிடைத்துவிடும். இதனைக் குறையெனக் கொள்ளலாகாது. பகலில் நீரைத் தேக்கி, கதிரவன் சாய்ந்து விளக்குகள் ஏற்றப்படும் வேளையில் விடுவிப்பதே இதன் பயன். ஆயினும் அணைகள் சிறியன. சில மணி நேரத்தைத் தாங்குமேயன்றிப் பருவங்களைத் தாங்கா.

இவ்வசதிக்குக் கொடுக்கப்பட்ட விலையையும் வரலாறு குறித்தல் வேண்டும். 2014இன் இறுதியில் சுரங்கம் தோண்டுகையில் நிலத்தடி நீர் உடைத்துப் பாய்ந்தது. பண்டாரவளைச் சுற்றுப்புறத்தில் கிணறுகள் வற்றின. ஆயிரக்கணக்கான வீடுகள் பாதிப்புற்றன. கிணறும் ஒரு நீர்த்தேக்கமே என்பதைத் திட்டமிட்டோர் போதிய அளவு எண்ணிப் பார்த்ததாகத் தோன்றவில்லை.

தேக்கத்தின் தேவையோ பெருகியே வருகின்றது. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு நண்பகல், தேவை குறைந்து சூரிய மின்சாரம் மிகுந்திருந்த வேளையில், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஏற்பட்ட பழுதொன்று நாடு முழுவதையும் இருளாக்கியது. அவ்வாண்டுச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிற் கூரைச் சூரியத் தகடுகளைப் பகலில் நிறுத்துமாறு உரிமையாளர்கள் கேட்கப்பட்டனர். இவ்வாறு வீணாகும் பகல் மின்சாரத்தால் நீரை மேலேற்றி, இரவில் இறக்கும் 600 மெகாவாட் நிலையமொன்று அரநாயக்க, நாவலப்பிட்டிப் பகுதியில் மகா ஓயாவையொட்டித் திட்டமிடப்பட்டுள்ளது. அதற்கும் மலையைக் குடைய வேண்டும். குடையுமுன் அங்குள்ள கிணறுகளின் நீர்மட்டம் அளந்து எழுதப்படுதல் வேண்டும்.