ஃபிஜியின் 25 பொதுத் தொகுதிகள்

1999 மே மாதம் ஃபிஜியில் வாக்குச்சாவடிக்குப் போனவர்களுக்கு இரண்டு வாக்குச்சீட்டுகள் கிடைத்தன. ஒன்று அவரவர் இனத்துக்கான தொகுதிக்குரியது. பூர்வகுடிகள் தம்மவரையும் இந்திய வம்சாவளியினர் தம்மவரையும் தனித்தனியே தேர்ந்தெடுக்கும் இந்த ஏற்பாடு ஆங்கிலேயர் காலத்திலேயே வேர்விட்டது. மற்றது நாந்தி, லம்பாசா, லவுத்தோக்கா போன்ற ஊர்ப்பெயர் தாங்கிய பொதுத் தொகுதிக்குரியது. அங்கே வாக்காளருக்கும் வேட்பாளருக்கும் இன வரையறை கிடையாது. 1997 அரசமைப்பு உருவாக்கிய இந்த 25 தொகுதிகளும் மூன்றே தேர்தல்களைக் கண்டு மறைந்தன. இன அரசியலைக் கரைக்க வந்து தோற்ற சோதனை என்றே அவற்றைப் பலரும் ஒதுக்குகிறார்கள். அந்தத் தீர்ப்பு தவறு என்பது என் கருத்து. அவை தோற்கவில்லை, வளரவே விடப்படவில்லை.

சர் பால் ரீவ்ஸ் தலைமையிலான அரசமைப்பு மறுஆய்வு ஆணையம் 1996இல் கேட்டது 45 பொது இடங்கள். இனங்களுக்கு 25 போதும் என்றது. நாடாளுமன்றக் குழு இந்தக் கணக்கைத் தலைகீழாக்கி, 71 இடங்களில் 46ஐ இனங்களுக்கே கொடுத்தது. அப்படிச் சுருக்கப்பட்ட பிறகும், ஆட்சி யாருக்கு என்பதை இந்த 25தான் முடிவுசெய்தன. 1999இல் தொழிலாளர் கட்சி இந்தியருக்கான 19 இடங்களையும் வென்றது. அவை மட்டும் இருந்தால் எதிர்க்கட்சி வரிசைதான். 18 பொதுத் தொகுதிகள் சேர்ந்ததால்தான் மகேந்திர சௌத்ரி பிரதமரானார். 2006இல் அப்போதைய பிரதமர் கராசேயின் கட்சிக்குப் பூர்வகுடிகளின் 23 இடங்களும், தொழிலாளர் கட்சிக்கு மறுபடியும் அதே 19ம் போயின. பொதுத் தொகுதிகள் 13க்கு 12 என்று பிரிந்தன. கராசே பெற்ற மொத்தம் 36. பெரும்பான்மைக்குத் தேவையானதும் அதுவே. இனத் தொகுதிகள் உறைந்து கிடந்தபோது, மக்களின் மனமாற்றத்துக்கு இடம் தந்தவை இவை மட்டுமே.

பொதுத் தொகுதியிலும் இனம் பார்த்துத்தானே வாக்களித்தார்கள் என்று கேட்கலாம். பெருமளவு உண்மைதான். ஆனால் ஒரு கையில் இனச்சீட்டைக் கொடுத்துவிட்டு, மறுகையால் இனத்தை மறந்து வாக்களி என்றால் யார்தான் மறப்பார்கள்? வேட்பாளர்களை முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று வரிசைப்படுத்தும் வாக்குமுறையும் கைகொடுக்கவில்லை. சீட்டின் மேற்பகுதியில் கட்சிக்கு ஒரு குறியிட்டால் போதும், அடுத்தடுத்த விருப்பங்கள் கட்சி முன்பே அறிவித்த வரிசைப்படி போய்விடும். பெரும்பாலோர் அப்படியே செய்தார்கள். பிற இனத்தாரின் இரண்டாம் விருப்பத்தை வீடு வீடாகப் போய்க் கேட்டிருக்க வேண்டிய வேட்பாளருக்கு, தலைவர்களின் பேரமே போதுமானதாயிற்று.

சௌத்ரியின் அரசு ஓராண்டில் கவிழ்ந்ததையும் பொதுத் தொகுதிகளின் தோல்விக்குச் சான்றாகக் காட்டுவார்கள். அதைக் கவிழ்த்தவர்கள் வாக்காளர்கள் அல்லர். 2000 மே 19 அன்று ஜார்ஜ் ஸ்பைட்டின் ஆட்கள் துப்பாக்கியோடு நாடாளுமன்றத்துக்குள் புகுந்தார்கள். சௌத்ரி உள்ளிட்டோரைப் பிணைக்கைதிகளாக்கினார்கள்; அந்தச் சிறை 56 நாள் நீண்டது. 2006 டிசம்பரில் கராசேயை இறக்கியதும் ராணுவம்தான். அதே ஆண்டு அவர் அமைச்சரவையில் தொழிலாளர் கட்சியினர் ஒன்பது பேர் இருந்தார்கள் என்பதை ஏனோ பலரும் சொல்வதில்லை.

2009 ஏப்ரலில் அரசமைப்பு ரத்தானது. 2013இல் வந்த புதிய அரசமைப்பு இனத் தொகுதிகளை ஒழித்தது; அது நியாயமானது. ஆனால் நாடு முழுவதையும் ஒரே தொகுதியாக்கியதில், நாந்திக்கோ லம்பாசாவுக்கோ உரிய உறுப்பினர் என்று எவரும் இல்லாமல் போனார்கள்.