தலைக்குள் இருந்த பட்டியல்

2004 சுனாமி எங்கட திருகோணமலைக் கரையையும் அடிச்சது. சில வாரத்துக்குள்ள இலங்கைத் தொண்டர்கள் 'சகானா' என்ற நிவாரண மென்பொருளை எழுதினார்கள். அது பிஎச்பி, மைஎஸ்கியூஎல் மேல நின்றது. அவை ஆயத்தமாக் கிடைச்சதுக்குப் பின்னால ஒரு பழைய கதை இருக்கு.

1993இல் டெபியன் லினக்ஸ் தொடங்கியது. ஒரு பொதியைக் கட்ட வேற எந்தப் பொதிகள் வேணும் என்டது கட்டுறவரின்ட தலைக்குள்ளதான் இருந்தது. ரோமன் ஹோடெக் எழுதிய 'பில்ட்டி' தானாகவே கட்ட வெளிக்கிட்டபோது சிக்கல் தெரிந்தது: சொல்லாததை இயந்திரம் அறியாது. முதலில் பட்டியலைக் கையால் பராமரித்தார்கள். 1990களின் கடைசியில்தான் தேவைகளைப் பொதிக்குள்ளேயே எழுதும் வழக்கம் வந்தது.

ஒரு முடிச்சு இன்னும் அவிழவில்லை: கம்பைலரைக் கட்டவும் ஒரு கம்பைலர் வேணும். முதல் ஆளுக்கு ஆராவது கை குடுக்கத்தான் வேணும்.