குடும்ப வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கான உதவிச் சேவைகள் (தேனி மாவட்டம்)

குடும்ப வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கான உதவிச் சேவைகள் என்பன, கணவர் அல்லது உடன் வாழும் உறவினரின் கொடுமையிலிருந்து விலக முனையும் பெண்ணுக்குப் பாதுகாப்பு, தங்குமிடம், மருத்துவம், உளவள ஆலோசனை, சட்ட உதவி ஆகியவற்றை வழங்கும் ஏற்பாடுகள் ஆகும். தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில், குறிப்பாகப் போடிநாயக்கனூர் வட்டத்திலுள்ள சிலமலை போன்ற மலையடிவார ஊர்களிலிருந்து இச்சேவைகளை அணுகும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019–21), தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையிலான, மணமான பெண்களில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு உள்ளானவர்கள். வன்முறைக்கு உள்ளான பெண்களுள் யாரிடமேனும் உதவி நாடியவர்கள் இந்திய அளவில் 14 விழுக்காட்டினர் மட்டுமே. எனவே, சேவைகள் இருப்பது மட்டும் போதாது. அவற்றை எங்கே, எவ்வாறு தொடங்குவது என்பதை அறிவதும் முதன்மையானதாகிறது.

சட்ட அடிப்படை

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005 என்பது 2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. அடித்தல் மட்டுமன்றிப் பாலியல் கொடுமை, இழிசொல், மனவதை, கூலியையோ நகையையோ பறித்தல் போன்ற பொருளாதாரக் கொடுமை ஆகியனவும் இச்சட்டப்படி வன்முறையே. மனைவி மட்டுமன்றித் தாய், சகோதரி, கைம்பெண், திருமண உறவு போன்ற இணைவாழ்வில் உள்ள பெண் ஆகியோரும் இதன் கீழ் முறையிடலாம்.

நடுவர் நீதிமன்றம் பாதுகாப்பு ஆணை, வசிப்பிட ஆணை, பொருளுதவி, குழந்தைகளின் தற்காலிகப் பொறுப்பு, இழப்பீடு ஆகியவற்றை வழங்கலாம். வீடு பெண்ணின் பெயரில் இல்லாவிடினும் அவருக்கு அங்கு வசிக்கும் உரிமை உண்டு. அவ்வீடு கணவரின் உறவினருக்கு உரியதாயினும் இது பொருந்தக்கூடும் என உச்ச நீதிமன்றம் 2020 இல் தீர்ப்பளித்தது. பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

சேவைகள்

கீழ்க்காணும் வழிகளுள் எந்த ஒன்றில் தொடங்கினாலும் பிறவற்றை அடைய இயலும்.

• 181: மகளிர் உதவித் தொலைபேசி எண். தமிழ்நாட்டில் 2018 டிசம்பரில் தொடங்கப்பட்டது. உடனடி ஆபத்தில் 112 ஐ அழைக்கலாம்.
• பாதுகாப்பு அலுவலர்: தேனியில் மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்திலுள்ள சமூக நலத்துறை அலுவலகம் வழியாக அணுகலாம். இவர் குடும்ப நிகழ்வு அறிக்கையைத் தயாரித்து நீதிமன்றத்துக்கு அனுப்புவார். அண்டை வீட்டாரும் இவருக்குத் தகவல் தரலாம்; நல்லெண்ணத்துடன் தகவல் தந்தவர் மீது வழக்குத் தொடர இயலாது.
• ஒருங்கிணைந்த சேவை மையம் (சகி): 2015 இல் தொடங்கிய நடுவண் அரசுத் திட்டம். மருத்துவம், காவல், ஆலோசனை, சட்ட உதவி ஆகியவற்றோடு பொதுவாக ஐந்து நாட்கள் வரை தங்கும் வசதியும் உண்டு. நீண்ட நாள் தங்குவோர் சக்தி சதன் போன்ற இல்லங்களுக்கு அனுப்பப்படுவர். உடன் வரும் ஆண் குழந்தைகளுக்கு வயது வரம்பு உண்டு.
• அனைத்து மகளிர் காவல் நிலையம்: தமிழ்நாட்டின் முதல் நிலையம் 1992 இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கியது. போடிநாயக்கனூரிலும் ஒன்று உள்ளது.
• சட்டப் பணிகள் ஆணைக்குழு (15100): பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞரை அமர்த்தித் தரும்.

குடும்ப நிகழ்வு அறிக்கை பதியவில்லை என்ற காரணத்தால் காப்பகமோ மருத்துவமனையோ ஒரு பெண்ணைத் திருப்பியனுப்பக் கூடாது என 2006 ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. அவர் விரும்பினால், காப்பகத்தில் தங்கியிருப்பதை எதிர்த்தரப்பினருக்கு வெளிப்படுத்தக் கூடாது.

மாநில எல்லையும் ஆள்வரையும்

போடிநாயக்கனூர்ப் பகுதிப் பெண்கள் பலர் போடிமெட்டு வழியாக ஜீப்புகளில் கேரளத்தின் இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்கின்றனர். சிலர் தோட்டக் குடியிருப்புகளிலேயே தங்குகின்றனர். வன்முறை ஒரு மாநிலத்திலும் பிறந்த வீடு மற்றொரு மாநிலத்திலும் இருக்கும்போது எங்கே முறையிடுவது என்ற குழப்பம் எழுகிறது.

சட்டத்தின் 27 ஆம் பிரிவு இதற்கு விடை தருகிறது. பெண் நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ வசிக்கும் இடம், அவர் வேலை செய்யும் இடம், எதிர்மனுதாரர் வசிக்கும் இடம், வன்முறை நிகழ்ந்த இடம் ஆகியவற்றுள் எந்த இடத்து நடுவர் நீதிமன்றத்திலும் மனு அளிக்கலாம். எனவே, தோட்டத்திலிருந்து சிலமலையில் உள்ள தாய்வீட்டுக்கு வந்துவிட்ட பெண் இடுக்கிக்குத் திரும்பிச் செல்ல வேண்டியதில்லை. பிறப்பிக்கப்படும் ஆணை இந்தியா முழுவதும் செல்லும். 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, குற்றம் எங்கு நடந்திருந்தாலும் எக்காவல் நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம். கேரளத்திலும் மகளிர் உதவி எண் 181 ஆகும்.

நடைமுறைச் சிக்கல்கள்

முதல் விசாரணை பொதுவாக மூன்று நாட்களுக்குள்ளும், அதிலிருந்து 60 நாட்களுக்குள் தீர்வும் என்பது சட்டத்தின் நோக்கம். நடைமுறையில் வழக்குகள் நீள்வதுண்டு. இடைக்கால ஆணை கோருவது இதற்கு ஓரளவு தீர்வாகும். காவல் நிலையங்களில் சமரசத்துக்கே முதலிடம் தரப்படுகிறது என்ற விமர்சனமும் உள்ளது. சமரசத்தை ஏற்கவேண்டிய கட்டாயம் பெண்ணுக்கு இல்லை.

மாவட்டத் தலைநகருக்குச் செல்ல ஒரு நாள் கூலியை இழக்க நேர்வதும் தடையாகிறது. வீட்டில் ஒரே கைப்பேசி இருப்பின், அழைப்புப் பதிவே ஆபத்தாகலாம். அந்நிலையில் அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதாரச் செவிலியர், மகளிர் சுய உதவிக் குழுவினர் ஆகியோருள் நம்பிக்கைக்குரிய ஒருவர் வழியாகத் தகவல் அனுப்பலாம்.

இவற்றையும் பார்க்க

• வரதட்சணைத் தடைச் சட்டம்
• தமிழ்நாடு மாநில மகளிர் ஆணையம்
• போடிநாயக்கனூர்