பெட்டியைத் திறந்தோர்

விண்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமைக்கு மைக்ரோசொஃப்ட் கம்பனி வழங்கிவந்த வழக்கமான ஆதரவு 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் முடிவுற்றது. அதன் வாரிசாக வந்த விண்டோஸ் 11, குறிப்பிட்ட ஒரு பாதுகாப்புச் சில்லும் குறிப்பிட்ட தலைமுறைச் செயலியும் இல்லாத கணினிகளை முறைப்படி ஏற்பதில்லை. நேற்றுவரை ஓடிய இயந்திரங்கள் தேய்ந்தும் போகவில்லை, பழுதும் அடையவில்லை. ஆயினும் கம்பனி ஒன்றின் தீர்மானத்தினாலே பழையனவாகிவிட்டன. நாம் கற்பிக்கும் பாடசாலையின் களஞ்சிய அறையிலும் இத்தகைய பதினொரு கணினிகள் தூசு படிந்து கிடந்தன. உயர்தர வகுப்பு மாணவர் சிலருடன் சேர்ந்து அவற்றைத் திறந்தோம். ஒன்றின் நினைவகத்தை மற்றொன்றிற் செருகியும், மூன்றாவதன் வன்தட்டை நான்காவதிற் பூட்டியும், ஈற்றில் லினக்ஸை நிறுவியும் பார்த்தபோது ஏழு கணினிகள் உயிர்பெற்றன. அவ்வேளையில் மாணவி ஒருத்தி கேட்ட கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று:

“சேர், ஒரு கம்பனி செய்த பெட்டிக்குள்ள இன்னொரு கம்பனி செய்த துண்டு எப்படிப் பொருந்துது?”

தரநியமங்கள் உள்ளமையாற் பொருந்துகின்றது என்று ஒரே வாக்கியத்தில் விடையிறுத்துவிடலாம். ஆனால் தரநியமங்கள் வானத்திலிருந்து வீழ்வன அல்ல. யாருடைய நலனுக்காக, யாருக்கு எதிராக, எந்தச் சூழ்நிலையில் அவை தோன்றின என்று வினவும்போதே வரலாறு தொடங்குகின்றது.

கணினி என்பது பெருங்கம்பனிகளும் இராணுவமும் பல்கலைக்கழகங்களும் மட்டும் வைத்திருந்த பொருளாக நெடுங்காலம் இருந்தது. 1975ஆம் ஆண்டு ஜனவரியில் ‘பொப்பியுலர் எலெக்ட்ரோனிக்ஸ்’ என்னும் அமெரிக்கச் சஞ்சிகையின் அட்டையிலே அல்டெயர் 8800 என்னும் சிறு கணினியின் படம் வெளியாயிற்று. நியூ மெக்சிக்கோ மாநிலத்தின் அல்புகேர்க்கி நகரிலிருந்த சிறு கம்பனியொன்று அதனை உதிரிப்பாகங்களாக 397 டொலருக்கு விற்றது. வாங்கியவர் தாமே ஈயப்பற்று வைத்து அதனை உருவாக்கவேண்டும். அதன் நினைவகம் 256 பைற்று மட்டுமே. இப்பந்தியைக்கூட அதனுள் அடக்க முடியாது. ஆயினும் மக்கள் திரண்டு வாங்கினர். அதே ஆண்டு மார்ச் 5ஆந் திகதி கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் ஒரு வீட்டின் கராச்சிலே ‘ஹோம்புரூ’ கணினிக் கழகம் முதன்முறையாகக் கூடிற்று. அங்கு வந்தோர் தமது சுற்றுப்படங்களையும் நிரல்களையும் ஒருவர்க்கொருவர் தாராளமாக வழங்கினர். அறிவைப் பகிர்தல் களவு என்ற எண்ணம் அவர்களிடம் இருக்கவில்லை.

அவ்வெண்ணத்தை அவர்களுக்குக் கற்பிக்க முன்வந்தவர் இருபது வயது இளைஞர் ஒருவர். 1976 பெப்ரவரியில் பில் கேட்ஸ் எழுதிய பகிரங்கக் கடிதம், தமது கம்பனியின் பேசிக் நிரலைப் படியெடுத்த பொழுதுபோக்காளரைத் திருடர் எனச் சாடிற்று. எழுதியவனுக்கும் ஊதியம் வேண்டும் என்ற அவரது வாதத்தை நாம் எளிதிற் புறக்கணிக்க முடியாது. உழைப்பின் பெறுமதியைப் பேசும் நாம் அதனைப் புறக்கணித்தல் நேர்மையுமாகாது. ஆனால் அந்த வாதத்தின் தொடர்ச்சியாக எழுந்த ஏற்பாட்டில், எழுதியவன் ஊதியம் பெற்றதோடு காரியம் நிற்கவில்லை. வாங்கியவன் தான் வாங்கியதைத் திறந்து பார்க்கும் உரிமையையும் இழந்தான்.

இனி மாணவியின் கேள்விக்கு வருவோம். 1981 ஓகஸ்ட் 12ஆந் திகதி ஐ.பி.எம். கம்பனி தனது தனியாட் கணினியை அறிமுகஞ் செய்தது. சிறுகணினிச் சந்தையில் பின்தங்கிவிட்ட அக்கம்பனி, ஏறத்தாழ ஓராண்டுக்குள் பொருளைக் கொணரவேண்டியிருந்தது. எனவே, எல்லாவற்றையும் தானே செய்யும் தன் வழமையைக் கைவிட்டு, செயலியை இன்ரெலிடமும் பணிசெயல் முறைமையை மைக்ரோசொஃப்டிடமும் பெற்றுக்கொண்டது. பிறர் துணைப்பாகங்கள் செய்யவேண்டும் என்பதற்காகச் சுற்றுப்படங்களை நூலாகவும் வெளியிட்டது. இது பெருந்தன்மையன்று, அவசரம். சந்தையின் நெருக்குதல் ஒரு முதலாளியைத் தன் பெட்டியைத் தானே திறக்கச் செய்தது.

ஒரு பூட்டு மட்டும் எஞ்சியிருந்தது. கணினி விழித்தெழும்போது முதலில் இயங்கும் பயோஸ் என்னும் சிறு நிரல் ஐ.பி.எம்மின் பதிப்புரிமைக்கு உட்பட்டது. 1982இல் ரெக்சஸ் மாநிலத்திலே தோன்றிய கொம்பாக் கம்பனி அதனை உடைத்த முறை சுவையானது. ஒரு குழுவினர் ஐ.பி.எம்மின் நிரலைப் படித்து, அது என்ன செய்கின்றது என்பதை மட்டும் விவரித்து எழுதினர். மூல நிரலைக் கண்ணாலும் காணாத மற்றொரு குழுவினர் அந்த விவரணத்தைக் கொண்டு புதிய நிரலை யாத்தனர். சட்டம் இதில் ஒன்றுஞ் செய்ய இயலவில்லை. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இத்தகைய பயோஸை வேறு கம்பனிகளும் விற்கத் தொடங்கின. ஒத்த கணினிகள் பெருகின. 1987இல் ஐ.பி.எம். விழித்துக்கொண்டு, உரிமைக் கட்டணம் செலுத்தினாலன்றிப் பிறர் பயன்படுத்த முடியாத புதிய அமைப்பொன்றைப் புகுத்திப் பெட்டியை மீண்டும் மூட முயன்றது. காலங் கடந்துவிட்டது. மறு ஆண்டே ஒன்பது கம்பனிகள் ஒன்றுசேர்ந்து வேறொரு நியமத்தை அறிவித்தன. 1995இல் இன்ரெல் வெளியிட்ட ஏ.ரி.எக்ஸ். அளவுகளின்படியே இன்றும் தாய்ப்பலகைக்குத் திருகாணித் துளை இடப்படுகின்றது. முதலாளிகள் தமக்குள் முரண்பட்டதன் பயனை நமது திருப்புளி அனுபவிக்கின்றது எனலாம்.

ஆயினும் திறந்த பெட்டிக்குள்ளே ஓடிய மென்பொருள் மூடியே இருந்தது. எம்.ஐ.ரி. ஆய்வுகூடத்திற் பணியாற்றிய ரிச்சட் ஸ்டோல்மன், எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய முழுமையான முறைமையொன்றை ஆக்கப்போவதாக 1983 செப்ரெம்பர் 27ஆந் திகதி அறிவித்தார். குனூ என்பது அதன் பெயர். பதிப்புரிமைச் சட்டத்தையே கருவியாகக் கொண்டு, பெற்றவன் தான் பெற்ற உரிமையைப் பிறர்க்கு மறுக்கலாகாது என்று விதித்த அவரது உரிமப் பத்திரம் 1989இல் வெளிவந்தது. 1990 அளவில் பல கருவிகள் ஆயத்தம். நடுநாயகமான கருப்பகுதி மட்டும் இல்லை.

அவ்விடத்தை நிரப்பியது ஒரு மாணவனின் கடன் கணினி. 1991 ஜனவரியில், ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான இருபத்தொரு வயது லினஸ் டோர்வால்ட்ஸ், 386 செயலியும் 4 மெகாபைற்று நினைவகமும் கொண்ட பெயரற்ற கணினியொன்றைத் தவணை முறையில் வாங்கினார். பெருங்கம்பனியின் முத்திரை அதில் இல்லை. சிறு கடையிலே பொருத்தப்பட்ட ஒத்த கணினி அது. கொம்பாக்குக்கு முன்னைய உலகில் அத்தகைய கடையும் இல்லை, அத்தகைய கணினியும் இல்லை. (அவரது தந்தையார் நில்ஸ் ஒரு காலத்திற் பொதுவுடைமை இயக்கத்தைச் சார்ந்திருந்தவர் என்பதைச் சிலர் பெருமையுடன் சொல்வதுண்டு. மகனோ அரசியலில் ஆர்வமற்றவர். நாம் உரிமை கொண்டாட அதில் ஒன்றுமில்லை.)

அவ்வாண்டு ஓகஸ்ட் 25ஆந் திகதி அவர் கணினி வலையமைப்பில் விடுத்த அறிவித்தலில், இது வெறும் பொழுதுபோக்கு என்றும், தம்மிடமுள்ள வகை வன்தட்டைத் தவிர வேறெதையும் இது ஏற்காதென்றும் கூறினார். ஒரு வறிய மாணவனின் மேசையே அம்முறைமையின் எல்லை. அந்த எல்லையை விரித்தவர்களும் வசதி குறைந்தோரே. ஜேர்மனியில் இருந்த ஒருவரிடம் 2 மெகாபைற்று நினைவகமே இருந்தது, அது போதவில்லை. அவருக்காக, நினைவகம் நிரம்பும்போது வன்தட்டை நினைவகம் போலப் பயன்படுத்தும் வசதியை டோர்வால்ட்ஸ் 1991 நத்தாரை அண்டிய நாட்களில் எழுதிச் சேர்த்தார். சந்தையிலே இத்தகைய குறைபாட்டுக்கு ஒரே மறுமொழிதான் உண்டு: புதியதை வாங்கு. 1992இன் தொடக்கத்தில் லினக்ஸ் ஸ்டோல்மனின் உரிமத்தை ஏற்றது. அந்தக் கணினிக்கான கடன் மிகுதியைத் தீர்க்க, லினக்ஸைப் பயன்படுத்தியோர் பின்னர் தம்முட் பணஞ் சேர்த்து அனுப்பினர்.

1994இல் அமெரிக்காவின் நாசா நிறுவனத்தைச் சேர்ந்த தோமஸ் ஸ்ரேர்லிங், டொனால்ட் பெக்கர் ஆகியோர், கடையிற் கிடைக்கும் 16 சாதாரண 486 செயலிகளை வலையமைப்பால் இணைத்து லினக்ஸை ஓட்டினர். மீகணினிக்குரிய வேலைகளை அது மலிவாகச் செய்தது. 2017 நவம்பரில் உலகின் ஐந்நூறு அதிவேகக் கணினிகளின் பட்டியல் முழுவதையும் லினக்ஸே நிறைத்தது. நமது நாட்டிலும், 2004 டிசெம்பர்ச் சுனாமியின் பின்னர் காணாமற்போனோரையும் நிவாரண முகாம்களையும் பதிவுசெய்வதற்கு ‘சஹானா’ என்னும் மென்பொருளை இலங்கை நிரலாளர் எழுதினர். அதனை இலவச மென்பொருளாக ஆக்கியமையாற் பிற நாடுகளின் அனர்த்தங்களிலும் அது பயன்பட்டது.

வெற்றிக் கதையாக இதனை முடித்துவிடல் இயலாது. ‘நாமே செய்த கணினி’ என்று மாணவர் சொல்லும்போது நாம் திருத்துவதுண்டு: செய்யவில்லை, பொருத்தினோம். 1972இல் இன்ரெல் கம்பனி மலேசியாவின் பினாங்கில் தொழிற்சாலை திறந்த காலந்தொட்டு, ஆசிய நாடுகளின் இளம்பெண்கள் நுணுக்குக்காட்டியிற் கண்பதித்து மயிரினும் மெல்லிய பொற்கம்பிகளைச் சில்லுகளில் ஒட்டியிருக்கின்றனர். அவர்களுடைய உழைப்பு எந்தத் திறந்த உரிமத்திலும் குறிக்கப்படவில்லை. இலவச மென்பொருளும் மூலதனத்தின் கைக்கு எட்டாததன்று. லினக்ஸ் சேவையை விற்று வளர்ந்த ரெட் ஹற் கம்பனியை 2019இல் 3,400 கோடி டொலர் கொடுத்து வாங்கியது வேறு யாருமல்ல, அதே ஐ.பி.எம்.தான். பெட்டியும் மீண்டும் மூடப்பட்டு வருகின்றது. மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டே வருகின்றது. திருப்புளிக்கு அங்கே வேலையில்லை.

களஞ்சிய அறையில் எஞ்சியிருந்த நான்கு கணினிகளில் மூன்றின் தாய்ப்பலகைகள் எரிந்துபோயிருந்தன. நான்காவது நன்றாயிருந்தும், முன்னர் யாரோ பயோஸில் இட்டுச்சென்ற கடவுச்சொல் தெரியாமையால் உள்ளே விட மறுத்தது. கேள்வி கேட்ட அம்மாணவி மின்னிணைப்பைத் துண்டித்து, தாய்ப்பலகையில் நாணயம் போலிருந்த மின்கலத்தைக் கழற்றிச் சற்றுநேரம் கையில் வைத்திருந்து மீண்டும் பூட்டினாள். கடவுச்சொல் அழிந்தது. இப்போது வகுப்பில் எட்டுக் கணினிகள் ஓடுகின்றன.