யானை வரவில்லை, பழி வந்தது!

யாரையாவது பார்த்து 'எட்டப்பன்' என்று சொல்லிப் பாருங்கள். அடிக்க வந்துவிடுவார். தமிழில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது. 1959-ல் சிவாஜி நடித்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வந்த பிறகு, அந்தப் பேரை இனி எந்தக் கொம்பனாலும் கழுவ முடியாது.

ஆனால் ஒரு சின்னக் கேள்வி. கட்டபொம்மனைப் பிடித்து வெள்ளைக்காரனிடம் ஒப்படைத்தது யார்?

எட்டப்பனா? இல்லை. எட்டயபுரத்துப் படை துரத்தியது, சண்டை போட்டது எல்லாம் வாஸ்தவம்தான். பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டைத் தொண்டைமான். பிடிபட்ட இடம் திருக்களம்பூர்ப் பக்கத்துக் காடு. இன்றைய பொன்னமராவதி தாலுகா.

"அப்ப தொண்டைமான்தான் துரோகியா?" என்று அவசரப்படாதீர்கள். தூக்குத்தண்டனையும் வேண்டாம், விடுதலையும் வேண்டாம். அந்த மனுஷர் ஏன் அப்படிச் செய்தார், செய்ததற்கு என்ன கிடைத்தது, என்ன போச்சு என்று கணக்கு மட்டும் பார்ப்போம். ஏனென்றால் அதே கணக்கைத்தான் இன்றைக்கு ஆப்பிரிக்காவில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் 'காவல்' என்கிற தொழிலைப் புரிந்துகொள்ள வேண்டும். புதுக்கோட்டைச் சீமைக் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். திருட்டு பயம், கொள்ளை பயம். தலைநகரத்தில் இருக்கிற ராஜா கூப்பிட்ட குரலுக்கு வரமாட்டார். ஊரார் பார்த்தார்கள். பக்கத்தில் ஆள்பலம் உள்ள அரையரைக் கூப்பிட்டு, "ஐயா, நீங்க காவல் பாருங்க, விளைச்சலில் இவ்வளவு உங்களுக்கு" என்று கல்லில் வெட்டிக் கொடுத்துவிட்டார்கள். காவல் பார்த்தவர் நாளாவட்டத்தில் நாட்டாமை ஆனார். நாட்டாமை, நாடாள்பவர் ஆனார்.

தொண்டைமான்கள் அம்புநாட்டில் தலையெடுத்ததும் இந்த மண்ணில்தான். 1686 வாக்கில் ராமநாதபுரம் கிழவன் சேதுபதி, தான் மணந்துகொண்ட காதலி நாச்சியாரின் அண்ணன் ரகுநாதத் தொண்டைமானுக்குப் புதுக்கோட்டைச் சீமையைக் கொடுத்தார். சுற்றிலும் பெரிய தலைகள். வடக்கே திருச்சி, கிழக்கே தஞ்சாவூர், தெற்கே சேதுபதி, பின்னால் சிவகங்கை. நடுவில் குட்டியாக ஒரு ராஜ்யம். பிழைக்க வேண்டும் என்றால் தூரத்தில் ஒரு பெரிய ஆள் தோஸ்தாக வேண்டும்.

அந்தப் பெரிய ஆள் கப்பலில் வந்தான்.

1751-ல் திருச்சிக் கோட்டைக்குள் ஆற்காட்டு முகமது அலி மாட்டிக்கொண்டார். வெளியே சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும். முகமது அலிக்குத் துணை ஆங்கிலேயக் கும்பெனி. 1752-ல் சந்தா சாகிப் தலை போன பிறகும் சண்டை ஓயவில்லை. மைசூர்க்காரர்கள் கட்சி மாறிப் பிரெஞ்சுக்காரர்களோடு சேர்ந்து மறுபடி வளைத்தார்கள். கும்பெனியிடம் பீரங்கி இருந்தது, துப்பாக்கி இருந்தது. சோறு இல்லை! காட்டு வழி தெரியாது, எந்த ஊரில் நெல் இருக்கிறது என்று தெரியாது. இரண்டும் தெரிந்தவர் தொண்டைமான். அவர் சீமையிலிருந்து காட்டுப்பாதை வழியாக அரிசியும் ஆடுமாடும் போய்ச் சேர்ந்தன. கோட்டை தப்பியது.

இது சும்மா கிடைத்த சிநேகம் இல்லை. 1754-ல் பிரெஞ்சு-மைசூர்ப் படை, 'சோறு போட்டவனுக்குப் பாடம் கற்பிக்கிறேன்' என்று தொண்டைமான் சீமைக்குள் புகுந்து ஊர்களைக் கொளுத்தியது. ஜனங்கள் மாடு கன்றுகளை ஓட்டிக்கொண்டு காட்டுக்குள் ஒளிந்தார்கள். முதல் பாடம் இங்கே. தூரத்து ஆளோடு சேர்ந்து காவல் வேலை பார்த்தால், எதிரி முதலில் நெருப்பு வைப்பது பக்கத்து ஆளின் கூரையில்தான்.

சரி, 1799-க்கு வருவோம். செப்டம்பர் 5. மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்குகிறார். கட்டபொம்மன் தப்பி வடக்கே போகிறார். கும்பெனிக்குப் பழைய அதே தொந்தரவு. படை இருக்கிறது, காடு தெரியாது. தொண்டைமானுக்குக் கும்பெனியிடமிருந்து வேண்டுகோள் போகிறது: உங்கள் எல்லைக்குள் வந்தால் பிடித்துக் கொடுங்கள்.

அப்போது பட்டத்தில் இருந்தவர் விஜயரகுநாதத் தொண்டைமான். அவர் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். கும்பெனியோடு பாட்டன் காலத்து உறவு, ஏறக்குறைய ஐம்பது வருஷம். 'மாட்டேன்' என்றால் அடுத்த பீரங்கி தன் கோட்டையைப் பார்த்துத் திரும்பும். பாஞ்சாலங்குறிச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை. 'தேசம்' என்ற வார்த்தைக்கு இன்றைக்கு நாம் கொடுக்கிற அர்த்தம் அன்றைக்கு அவருக்குத் தெரிந்திருக்க நியாயமும் இல்லை. ஆட்களை அனுப்பினார். பிடித்தார். கொடுத்தார். அக்டோபர் 16-ம் தேதி கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார்.

சரி, அன்றைக்குத் தேசம் தெரியாது. இரண்டே வருஷத்தில் அந்தச் சாக்கும் போய்விட்டது. 1801 ஜூன் 16-ல் மருது பாண்டியர் பேரில் திருச்சிக் கோட்டைச் சுவரிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒரு பிரகடனம் ஒட்டினார்கள். எல்லா சாதியும், எல்லா மதமும் சேர்ந்து வெள்ளையரை விரட்டுங்கள் என்று. புதுக்கோட்டைக்குக் கூப்பிடு தூரம்! தொண்டைமான் காதில் விழாமல் இருந்திருக்காது. அப்போதும் அவர் கும்பெனி பக்கமே நின்றார். காளையார்கோயில் காட்டை வெட்டி வழி பண்ண முடியாமல் கர்னல் அக்னியூவின் படை ஒரு மாதம் திணறியது. அந்த யுத்தத்தில் ஆளும் தானியமும் அனுப்பியவர்களில் தொண்டைமானும் உண்டு. அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கில் தொங்கினார்கள்.

கூலி என்ன? 1803-ல் கீழாநிலைக் கோட்டையும் அதைச் சேர்ந்த சீமையும். தஞ்சாவூரோடு நெடுநாள் தகராறில் இருந்த நிலம் அது. பிறகு லண்டனிலிருந்து கும்பெனி இயக்குநர்கள் 1806-ல் ஒப்புதல் கொடுத்தபோது நிபந்தனைகளையும் சேர்த்து அனுப்பினார்கள். நிலத்தை யாருக்கும் கைமாற்றக் கூடாது. குடிமக்களைக் கொடுமைப்படுத்துவதாக நிரூபணமானால் திரும்ப எடுத்துக்கொள்வோம். வருஷா வருஷம் ஒரு யானை காணிக்கை தர வேண்டும்!

கவனித்தீர்களா? உதவி கேட்கும்போது 'நண்பரே'. கூலி கொடுக்கும்போது மேலதிகாரி.

இனி ஆப்பிரிக்கா. 2002-ல் ஆப்பிரிக்க ஒன்றியம் பிறந்தது. தலைமையகம் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா. கண்டம் முழுக்க சண்டை சச்சரவைக் கவனிக்க 2004-ல் அமைதி, பாதுகாப்புக் கவுன்சில் என்று 15 நாடுகள் கொண்ட ஒரு சபை. ஆனால் அடிஸ் அபாபாவில் இருப்பவருக்கு மேற்குக் கரையின் காடு தெரியுமா? அதனால் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு 'எகோவாஸ்', கிழக்கே 'இகாட்' என்று வட்டார அமைப்புகளோடு 2008-ல் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். சாராம்சம் நம் பாடிகாவல்தான். பக்கத்தில் இருப்பவர் முதலில் போகட்டும், பெரியவர் மேலே இருந்து ஒப்புதலும் பணபலமும் தரட்டும்.

நடந்ததா? அழகாக நடந்ததும் உண்டு. காம்பியாவில் 22 வருஷம் ஆண்ட யாயா ஜாமே, 2016 டிசம்பர் தேர்தலில் தோற்றார். முதலில் சரி என்றார், பிறகு நாற்காலியை விடமாட்டேன் என்றார். 2017 ஜனவரி 19 முதல் உன்னை அதிபராக ஏற்கமாட்டோம் என்றது ஆப்பிரிக்க ஒன்றியம். அன்றைக்கே செனகல் முன்னே நிற்க எகோவாஸ் படை எல்லை தாண்டியது. 21-ம் தேதி ஜாமே விமானம் ஏறிவிட்டார். பெரிய சண்டை இல்லை. வெளியேற்றப்பட வேண்டியவர் யார் என்பதை உள்ளூர் ஜனங்களே ஓட்டுப் போட்டுச் சொல்லியிருந்தார்கள். அதுதான் விசேஷம்.

சோமாலியா வேறு கதை. 2006 டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்புக் கவுன்சில் போட்ட தீர்மானத்தில் ஒரு புத்திசாலித்தனமான வரி இருந்தது. சோமாலியாவோடு எல்லை உள்ள நாடுகள் அமைதிப்படைக்கு ஆள் அனுப்பக் கூடாது! பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பழைய பாக்கி இருக்கும் என்று தெரிந்து போட்ட வரி. அதே மாதம் எத்தியோப்பியப் படை தானாகவே உள்ளே புகுந்தது. அந்தக் கோபத்தில்தான் அல்-ஷபாப் வளர்ந்தது. 2011 அக்டோபரில் கென்யா புகுந்தது. 2012-ல் கென்யாவும் 2014-ல் எத்தியோப்பியாவும் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் அமைதிப்படைத் தொப்பியை மாட்டிக்கொண்டன. ஆள் அதே, தொப்பிதான் வேறு. தன் எல்லையை ஒட்டிய ஜுபாலாந்தில் தனக்கு வேண்டியவர் ஆள வேண்டும் என்பது கென்யாவின் கணக்கு. தொண்டைமானுக்கு ஒரு கீழாநிலை என்றால் கென்யாவுக்கு ஒரு ஜுபாலாந்து.

குறை சொல்வது சுலபம். அந்தப் படைகள் போயிருக்காவிட்டால் தலைநகர் மொகாதிஷு யார் கையில் இருந்திருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். பக்கத்து ஆள் இல்லாமல் காவல் நடக்காது. பக்கத்து ஆள் கணக்கில்லாமலும் வரமாட்டான். அவன் என்ன கணக்கோடு வருகிறான், யாருக்குப் பதில் சொல்வான் என்பதை முதல் நாளே கல்லில் வெட்டி வைக்க வேண்டும். பாடிகாவல் கொடுத்த ஊரார் கூலியையாவது வெட்டி வைத்தார்கள். கும்பெனியும் தொண்டைமானும் போட்ட கணக்கில், காவல் யாருக்கோ அந்த ஜனங்களை யாரும் கேட்கவே இல்லை.

முடிவில் யாருக்கு என்ன ஆச்சு? ராமநாதபுரமும் சிவகங்கையும் ஜமீன்களாகச் சுருங்கின. தஞ்சாவூர் அதிகாரம் இழந்தது. புதுக்கோட்டை மட்டும் தனி சமஸ்தானமாக 1948 மார்ச் 3 வரை நின்றது. இன்றைக்கும் அந்த ஊர் கலெக்டர் ஆபீஸ் தொண்டைமான் அரண்மனையில்தான் நடக்கிறது. ராஜ தந்திரம் என்று பார்த்தால் தொண்டைமானுக்கு நூற்றுக்கு நூறு.

ஆனால் அதே ஜில்லாவில் இருக்கிற திருமயம் கோட்டைக்குப் போய்ப் பாருங்கள். சேதுபதி கட்டி, தொண்டைமான் கைக்கு வந்த கோட்டை. ஜனங்கள் அதற்கு வைத்திருக்கிற இன்னொரு பேர், ஊமையன் கோட்டை. ஊமையன் என்றால் ஊமைத்துரை. கட்டபொம்மனின் தம்பி.

அப்புறம், அந்த யானை? கும்பெனி அதை வற்புறுத்திக் கேட்கவே இல்லை. 1836-ல் முறைப்படி தள்ளுபடியும் செய்துவிட்டார்கள்.

பழியைத் தள்ளுபடி செய்கிற அதிகாரம் மட்டும் கும்பெனிக்கு இல்லை. அது ஜனங்களிடம் இருக்கிறது. அவர்கள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.