பேட்டை, மகமை, உறவின்முறை: விருதுபட்டி வணிக வரலாற்றில் மூன்று சொற்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் விருதுபட்டி எனப்பட்டு, 1923இல் விருதுநகர் எனப் பெயர் மாற்றம் பெற்ற ஊரின் வணிக வரலாற்றைப் பேட்டை, மகமை, உறவின்முறை என்னும் மூன்று சொற்களைக் கொண்டே எழுதிவிடலாம். இவற்றைப் பிறமொழியில் பெயர்ப்போர் அகராதி தரும் ஒற்றைச் சொல்லோடு அமைந்துவிடின், அவ்வரலாற்றின் உயிர்நிலையே நழுவிவிடும்.

தென்கோடிப் பனைநிலப் பகுதியிலிருந்து கருப்பட்டி, கருவாடு, உப்பு முதலியவற்றைப் பொதிமாடுகளிலும் வண்டிகளிலும் ஏற்றி வடக்கே வந்த நாடார் வணிகர்க்கு வழிப்பறி அச்சம் இருந்தது. 1801இல் பாளையக்காரர் கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட பின்னர் வணிகம் விரிந்தது. சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்கள் இவ்வணிகரின் முதன்மை இருப்பிடங்களாயின.

பேட்டை என்பது பொதுவழக்கில் சந்தை கூடும் இடத்தையும் நகர்ப்புறக் குடியிருப்பையும் குறிக்கும். இவ்வணிகர் வழக்கிலோ அது வண்டியும் மாடும் சரக்கும் இரவில் அச்சமின்றித் தங்குதற்கெனச் சுவர் எழுப்பிய அடைப்பிடமாகும். 'சந்தை' எனப் பெயர்ப்பின் விற்பனை தோன்றும்; பாதுகாப்பு மறைந்துவிடும்.

பேட்டையைப் பேணப் பொதுநிதி தேவைப்பட்டது. வாங்கி விற்கும் சரக்கின் அளவுக்கேற்ப வணிகர் செலுத்திய பங்கே மகமை. நகரத்தாரிடையேயும் இச்சொல் வழங்குகிறது. இதனை 'வரி' எனின் அரசின் ஆணை உட்புகும். 'நன்கொடை' எனின் கொடுப்பவர் விருப்பமே மேலோங்கும். மகமையோ அரசு விதிக்காதது. ஆயினும் ஊரார் கட்டுப்பாட்டால் தட்டவியலாதது.

அதனைத் தண்டி நிருவகித்த அமைப்பு உறவின்முறை. அதில் இடம்பெற்ற குடும்பத் தலைவர் 'முறைகாரர்' எனப்பட்டார். 'முறை' என்னும் சொல்லில் உறவு, ஒழுங்கு, உரிமை, சுற்று ஆகிய பொருள்கள் ஒருங்கே நிற்றல் கருதத்தக்கது. 'சங்கம்' என்னும் சொல் இவற்றுள் உறவைத் தாங்காது; 'சாதி' என்னும் சொல் நிருவாகத்தைத் தாங்காது.

1870களில் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே இருப்புப்பாதை அமைந்தபோது, விருதுபட்டி அப்பாதையில் ஒரு நிலையமாயிற்று. கரிசல் நிலத்துப் பருத்தி துறைமுகத்திற்கு விரைந்து சென்றது. வண்டிப்பேட்டையின் பழைய தேவை குறைந்தபோதும் மகமை மறையவில்லை. அதன் நோக்கமே மாறியது. 1885இல் சத்திரிய வித்தியாசாலை நிறுவப்பட்டது. மகமையோடு வீடுதோறும் ஒதுக்கிய பிடி அரிசியும் அப்பள்ளிக்குத் துணை நின்றது. 1954 முதல் 1963 வரை சென்னை மாநில முதலமைச்சராக இருந்த கு. காமராசர் அங்குப் பயின்றவர்.

கோயில் நுழைவுரிமை நாடார்க்கு மறுக்கப்பட்ட காலம் அது. கமுதிக் கோயிலில் 1897இல் அவர்கள் நுழைந்தமை பற்றிய வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. 1899இல் சிவகாசி தாக்கப்பட்டது. வழக்குமன்றம் வழங்காத மதிப்பை, வணிகத்தில் சேர்ந்த சிறுபங்கு பள்ளியின் வழியாக ஈட்ட முற்பட்டது எனலாம்.

ஆகவே, இச்சொற்களை ஒலிபெயர்த்து, முதல் வருகையிலேயே விளக்கம் தந்து, பின்னர் அவ்வாறே ஆளுதல் தக்கது. மகமை 'வரி'யாகிவிட்டால், அதனைக் கொடுத்தவரே அதனால் எழுந்த பள்ளிக்கு உரியவருமாயினர் என்னும் உண்மை பெயர்ப்பில் இடம்பெறாது போகும்.